மழை வந்தால் சிவப்பு விளக்கு

எங்கள் பக்கத்தில் மழை விருந்தாளி இல்லை, வீட்டோடு மாப்பிள்ளை. வந்தால் போகாது. போனாலும் குடையை மறந்து வைத்துவிட்டுப் போனவன் மாதிரி அரை மணியில் திரும்பி வரும். றொசல்ல ஸ்டேஷனில் இறங்குகிற வெளியூர்க்காரர்கள் மலையில் மூடுபனி இறங்குவதைப் பார்த்து, "ஆகா" என்று படம் எடுப்பார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் என் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும், ஆகாவா ஐயோவா என்று தெரியும்.

மழை வந்தால் என் இன்டர்நெட் போய்விடும். கொழும்பில் வீட்டுச் சாமான் விற்கிற ஒரு கம்பெனிக்கு நான் வேலை செய்கிறேன். ரைஸ் குக்கர், பிளெண்டர், இஸ்திரிப் பெட்டி என்று வாங்கிவிட்டுத் தமிழில் குறை சொல்லக் கூப்பிடுகிறவர்களுக்குத் தமிழில் பதில் சொல்ல வேண்டும். தமிழுக்கு நாங்கள் இரண்டே பேர். தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் காம்பரா வீட்டிலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு, பேசினால் போதும். கேட்கச் சுகமான வேலைதான். ஆனால் முதல் மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். லைன் சரியில்லை என்றால் கொழும்பு ஆபீஸுக்கு வந்து, போர்டிங்கில் தங்கிச் செய்ய வேண்டும் என்று என் மேலதிகாரி கிருஷாந்தி மிஸ் முதல் நாளே சொல்லிவிட்டார்.

என் கணவர் சிவகரன் ஏற்கெனவே கொழும்பில்தான், ஒரு ஹாட்வெயார் கடையில். மாதம் ஒரு தடவை வருவார். மாமியார் காலமாகிவிட்டார். நானும் பெட்டியைத் தூக்கினால், நாலு வயது மகள் கேஷிகாவும் மாமனாரும் மட்டும்தான் வீட்டில். பிள்ளையைத் தினமும் போன் திரையில் கொஞ்சிவிட்டு, போனை அணைத்துவிட்டுத் தூங்க என்னால் முடியாது. இந்த வேலை வீட்டிலேயே நிலைக்க வேண்டும், அல்லது வேலையே வேண்டாம். வேலை இல்லாமலும் முடியாது.

மாமனார் பெயர் மூக்கன். தோட்டத்து ஃபேக்டரியில் தூள் அடைக்கிற பகுதியில் இருந்தவர். இப்போது ஓய்வு. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்குப் போகிற நேரத்துக்கே எழுந்துகொள்வார், ஆனால் போவதற்கு இடம் இல்லை. வீட்டு முன் தாழ்வாரமான இஸ்தோப்பில் ஸ்டூலைப் போட்டு ரேடியோ கேட்பார், கோழிகளோடு பேசுவார். மனிதர்களோடு அவ்வளவு பேச்சு இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று கதவருகில் வந்து நின்று, "யாருகூடம்மா பேசுற?" என்று கேட்டார். "கஸ்டமர்கூட மாமா" என்றேன். "ம்" என்றார். அதோடு சரி. மருமகள் பெட்டி முன்னால் உட்கார்ந்து தனியாகப் பேசுவது அவருக்குப் பிடிக்கவில்லை என்று நான் அந்த "ம்"முக்குப் பொருள் எழுதி வைத்துக்கொண்டேன்.

எங்கள் கூரை தகரம். தகரத்துக்குள்ளே சிக்னல் வராது என்று இணைப்புக் கொடுக்கும்போதே சொன்னார்கள். அதனால் சமைக்கிற குசினிக்குப் பின்னால், சுவரோடு ஒரு பைப் அடித்து, அதன் உச்சியில் எதிர் மலை டவரைப் பார்த்தாற்போல ஆன்டெனா வைத்திருக்கிறது. அதிலிருந்து கறுப்பு வயர் ஜன்னல் வழியாக உள்ளே வந்து ஒரு சின்னப் பெட்டியில் சேரும். சிக்னல் இருந்தால் பெட்டியில் பச்சை விளக்கு. இல்லாவிட்டால் சிவப்பு.

முதல் பெரிய மழையிலேயே சிவப்பு எரிந்தது. நான் சண்டை பிடித்துக் கூப்பிட்டதில், திருத்துகிற பையன் நுவன் வந்தான். மழைக்குக் கூப்பிட்டால் வெயிலுக்கு வந்தான். அன்றைக்கென்று வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பெட்டியில் பச்சை விளக்கு நல்ல பிள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. டாக்டரிடம் போனதும் காய்ச்சல் விட்டுவிடுமே, அந்த மாதிரி. எனக்குத் தெரிந்த கடைச் சிங்களத்தில் மழையை நடித்தே காட்டினேன். அவன் சிரித்துக்கொண்டே ஏணியில் ஏறினான். மாமா ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

நுவன் கெட்டிக்காரன்தான். வயர் ஆன்டெனாவில் சேருகிற இடத்தைக் கழற்றிக் காட்டினான். உள்ளே பச்சையாகக் களிம்பு. "மேக்கட வதுர கியொத் இவரய்" என்றான். இதற்குள் தண்ணீர் போனால் கதை முடிந்தது என்று அர்த்தம். துடைத்து, புதிதாக மாட்டி, கறுப்பு டேப்பைச் சுற்று சுற்றென்று சுற்றினான். பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் போனான். மாமா மட்டும் ஏணியை விடாமல், மேலேயே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

தொல்லை தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை, வேஷம் மாறியது. முன்பு மழை விழுந்தவுடன் போகும். இப்போது மழை வந்து கொஞ்ச நேரம் ஒழுங்காக இருக்கும், பிறகு போகும். மழை விட்டாலும் உடனே வராது, கொஞ்சம் கழித்து வரும். முதலில் இழுத்து இழுத்தாவது வேலை செய்தது. வர வர, போனால் சுத்தமாகப் போனது.

அந்த நாட்களில் மன்னாரிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். ரைஸ் குக்கர் சோறு வேகாமலே அணைந்துவிடுகிறதாம். நானும் பொறுமையாக எல்லாம் கேட்டு, "அம்மா, மூடியை எடுத்துட்டு முதல்ல அந்த சுவிட்ச..." என்றேன். சிவப்பு. அவர் இரண்டு நாள் கழித்துத் திரும்பக் கூப்பிட்டார். "பிள்ளை, சுவிட்ச என்ன செய்யவேணும் எண்டு நீ சொல்லவே இல்லையே?" என்றார். பதில் சொல்லி முடிப்பதற்குள் திரும்பவும் சிவப்பு. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கிருஷாந்தி மிஸ்ஸுக்கு இரண்டும் வரவில்லை. "பிரியந்தினி, உங்க ஊர்ல மட்டுமா மழை பெய்யுது?" என்று கேட்டார். ஆமாம் மிஸ், எங்கள் ஊரில் மட்டும்தான் என்று சொல்ல வாய் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

நான் செய்யாத வைத்தியம் இல்லை. பெட்டியை அணைத்துப் போட்டேன். சிம்மை எடுத்துத் துடைத்துப் போட்டேன். பெட்டியை அலுமாரிக்கு மேலே வைத்தேன், ஜன்னலில் வைத்தேன், சாமிப் படத்துக்குப் பக்கத்திலும் வைத்தேன். நுவனைத் திரும்பக் கூப்பிட்டால், "டேப் நல்லா இருக்கா அக்கா? அப்ப டவர்லதான் கோளாறு" என்று போனிலேயே கையைக் கழுவினான். பக்கத்துக் காம்பரா ராசம்மாக்கா கொழுந்து எடுக்கிறவர், எதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பவர். "பனி இருக்கே, அது சிக்னலத் தின்னுரும். மாடசாமிக்கு ஒரு கட்டி கற்பூரம் ஏத்து" என்றார். ஏற்றினேன். நம்பிக்கை இல்லாமல்தான், ஆனால் பெரிய கட்டியாகவே ஏற்றினேன்.

கற்பூரம் ஏற்றிய மறுநாள் மாமா கண் காட்ட ஹட்டனுக்குப் போயிருந்தார். அன்று பெய்த மழையில் ஆறே மேலே ஏறி வந்துவிடும் போலிருந்தது. லைன் அசையவில்லை. சாயந்தரம் வரைக்கும் பச்சை. "பாத்தியா!" என்று ராசம்மாக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன். அடுத்த நாள் தூறல்தான், அதற்கே சிவப்பு விளக்கு. மாடசாமி ஒரு நாள் கூலிக்குத்தான் வந்தார் போலும்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. அதே மழை, அதே டவர், அதே டேப். அந்த ஒரு நாளில் மட்டும் வீட்டில் என்ன இல்லை? யோசித்தேன். மாமாவின் ரேடியோ இல்லை! அவர் இல்லாததால் அன்றைக்கு ரேடியோ பாடவில்லை. பிடித்துவிட்டேன் என்று துள்ளிக் குதித்துக்கொண்டு இஸ்தோப்புக்குப் போனேன்.

"மாமா, நான் வேலை செய்யுற நேரத்துல ரேடியோவ நிப்பாட்டி வைங்க. அதாலதான் லைன் போகுது."

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், ரேடியோவைப் பார்த்தார். அதன் காதைத் திருகி அணைத்து, ஒரு துணியில் சுற்றி, அலுமாரிக்குள் வைத்துவிட்டு வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது. ஆனால் கோபம் என்று வந்துவிட்டால் எனக்குக் கண் தெரியாது, அது ஊருக்கே தெரிந்த விஷயம்.

ரேடியோ இல்லாமலும் லைன் போனது. நான் எரிச்சலில் வேறு எதைப் பிடிக்கலாம் என்று பார்த்தேன். பின்சுவரில் நுவன் சாய்த்த ஏணி இன்னும் அப்படியே நின்றது. "வேலை முடிஞ்சா ஏணிய எடுத்து வைக்கக் கூடாதா மாமா? புள்ள ஏறி விழுந்தா?" என்றேன். "ம்" என்றார். ஏணி அங்கேயேதான் நின்றது. ஒவ்வொரு மழைக்கும் மாமா தொப்பலாக நனைந்து வேறு நின்றார். "இந்த வயசுல மழையில வெளிய என்ன வேலை? கோழிக்குக் குடை பிடிக்கப் போனீங்களா?" என்று துவாயை எறிந்தேன். அதற்கும் "ம்"தான்.

மூன்று மாதம் முடிகிற வாரம் வந்தது. வெள்ளிக்கிழமை பிற்பகல் முழுவதும் கிருஷாந்தி மிஸ் என் அழைப்புகளைக் கூடவே இருந்து கேட்பார், அதை வைத்துத்தான் முடிவு. வியாழக்கிழமை சிவகரனிடம் போனில் சொன்னேன். "நாளைக்கு லைன் ஒழுங்கா இருந்தாச் சரி. இல்லேன்னா உங்க போர்டிங் பக்கத்துல எனக்கும் ஒரு எடம் பாத்து வைங்க." கேஷிகா என் மடியில் படுத்துக்கொண்டு என் வளையலை எண்ணிக்கொண்டிருந்தாள். மாமா கதவுக்கு அந்தப் பக்கம் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை வெயில். கேஷிகாவைத் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். முதல் அழைப்பு நன்றாக முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. பிறகு கூரையில் ஒரு கல் விழுந்த மாதிரிச் சத்தம், அதன் பின்னால் ஒரு கூடைக் கல். மழை. அந்த நேரம் பார்த்து மன்னார் அம்மாவே திரும்ப வந்தார்.

"நீ அந்த சுவிட்ச் பிள்ளைதானே? இண்டைக்காவது சொல்லி முடி, அம்மா."

"சொல்றேன்மா. மூடியை எடுத்துட்டு, முதல்ல அந்த சுவிட்ச..."

சிவப்பு.

நான் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேசையில் போட்டேன். பெட்டி சிவப்பானால் வீட்டுக்குள் போனும் பேசாது. ரோட்டு வளைவில், மாடசாமி கோயில் பக்கம் போனால் போனில் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும். மிஸ்ஸிடம் ஒரு வார்த்தையாவது சொல்லலாம் என்று குடையைக்கூட எடுக்காமல் பின்கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். மழை வந்தபோதெல்லாம் நான் பெட்டியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், ஒரு தடவைகூடப் பின்பக்கம் வந்து பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவை.

ஏணியில் மாமா நின்றார். தலையில் மழைக்குப் போர்த்துகிற ஒரு பழைய படங்கு, உடம்பெல்லாம் தண்ணீர். அவருக்கு மேலே என் ஆன்டெனா, வெள்ளிக் கவசம் சாத்திய சாமி மாதிரிப் பளபளவென்று நின்றது. தேயிலைத் தூள் அடைக்கிற பை அது. வெளியே கனத்த காகிதம், உள்ளே வெள்ளித் தகடு. கப்பலில் போகிற தூளுக்கு ஒரு பொட்டு ஈரம் படாமல் காக்கிற பை. அதை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரித் திருப்பி, ஆன்டெனாவின் தலையிலிருந்து பைப் வரைக்கும் இழுத்து விட்டு, அடியில் கயிறு போட்டு ஃபேக்டரி முடிச்சாக முடிந்துகொண்டிருந்தார்.

தகரக் கூரைக்குள் சிக்னல் வராது என்றுதான் ஆன்டெனாவை வெளியே ஏற்றினோம். மாமா அதற்குத் தனியாக ஒரு கூரை போட்டிருந்தார்.

"மாமா! அதக் கழட்டுங்க!"

அவர் திரும்பிப் பார்த்தார். "நனைஞ்சிரும்மா."

"நனையட்டும்! கழட்டுங்க மாமா, சீக்கிரம்!"

"அந்தப் பையன் சொன்னானே, தண்ணி போனா இவரய்னு. நீ உள்ள பேசிக்கிட்டு இரும்மா, நான் பாத்துக்குறேன். முன்னாடி ஒண்ணு போட்டேன், பத்தல. அதான் ரெண்டாப் போட்டுக் கட்டுறேன்."

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. நகராத ஏணி, நனைந்த சட்டை, மழை தொடங்கிக் கொஞ்சம் கழித்துப் போகிற லைன், மழை விட்டுக் கொஞ்சம் கழித்து வருகிற லைன், ஹட்டனுக்குப் போன நாள். லைன் மோசமாகப் போகப் போக, மனுஷன் இன்னும் இறுக்கமாகக் கட்டியிருக்கிறார். நுவன் வந்துபோனதிலிருந்து ஒரு மழை தவறாமல், நான் உள்ளே உட்கார்ந்து வானத்தைத் திட்டிக்கொண்டிருக்க, இவர் வெளியே என் வேலைக்குக் காவல் நின்றிருக்கிறார்.

கோபம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவருடைய விரல்களைப் பார்த்தேன். குளிரில் விறைத்தும் விடாமல் முடிச்சுப் போடுகிற விரல்கள். கோபம் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

"மாமா," என்றேன், ஏணியைப் பிடித்துக்கொண்டு. "அந்தத் தகடு சிக்னல உள்ள விடாது. நம்ம கூரை விடாதுல்ல, அது மாதிரி. நுவன் போட்ட டேப்பே போதும். ஆன்டெனா நனைஞ்சா ஒண்ணும் ஆகாது. நீங்க நனைஞ்சாத்தான் ஆகும்."

அவர் கை அப்படியே நின்றுவிட்டது. கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப நானாம்மா கெடுத்தேன்?"

"கழட்டுங்க மாமா, நீங்கதான் சரி பண்ணப் போறீங்க" என்றேன். முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்த்தார். இரண்டு பைகளையும் உருவிக் கீழே போட்டார். ஆன்டெனா மொட்டைத் தலையோடு மழைக்குள் நின்றது. நான் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தேன். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. பிறகு பச்சை.

தலையிலிருந்து சொட்டச் சொட்ட ஓடிப்போய் உட்கார்ந்து மன்னார் அம்மாவை நானே திரும்பக் கூப்பிட்டேன். மூடியை எடுத்து, சட்டியைத் தூக்கி, அடியை நன்றாகத் துடைத்து, ஈரம் இல்லாமல் வைத்துவிட்டுச் சுவிட்ச்சை அழுத்தச் சொன்னேன். "எரியுதடி பிள்ளை!" என்றார். இந்த மலையில் அதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு அந்த நேரத்தில் வேறு இல்லை.

சாயந்தரம் கிருஷாந்தி மிஸ் லைனில் வந்தார்.

"நடுவுல ஒரு தடவை கட் ஆச்சு."

"ஆமா மிஸ். ஆன்டெனாவ ஒரு மூடி மறைச்சிருந்துச்சு. எடுத்தாச்சு. இனிமே மழைக்குப் போகாது."

"இதத்தான் மூணு மாசமா சொல்றீங்க. மழை வரட்டும், பார்ப்போம்."

"இப்பவே மழைதான் மிஸ்." மைக்கைக் கழற்றி, கை எட்டிய மட்டும் கூரைத் தகரத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தேன். மேலே மழை பறையடித்துக்கொண்டிருந்தது. "கேக்குதா மிஸ்?"

நான் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் சிரித்தார். "போதும், போதும். காது போயிரும் போல. அங்கேயே இருந்து செய்யுங்க பிரியந்தினி."

வெளியே வந்தேன். மாமா இஸ்தோப்பில் ஸ்டூலில் உட்காராமல், ஈரத்தோடு சுவரில் சாய்ந்து நின்றார். கேஷிகாவைக் கூட்டி வந்து, அவளை மட்டும் நன்றாகத் துடைத்து விட்டிருந்தார்.

"என்னம்மா சொன்னாங்க?" என்று கேட்டார். அந்த மூன்று மாதத்தில் என் வேலையைப் பற்றி அவர் கேட்ட இரண்டாவது கேள்வி.

"இங்கயே இருந்து செய்யச் சொல்லிட்டாங்க மாமா. கொழும்புக்குப் போக வேணாம்."

அவர் தலையை ஆட்டினார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். "சிவகரன் போறப்ப நான் தடுக்கல. வயசுப் பையன், போகட்டும்னு விட்டுட்டேன். போனவன் விருந்தாளி மாதிரிதான் வந்துட்டுப் போறான். ஒன்னையும் வுட்டுட்டு இந்தப் புள்ளைக்கு நான் என்னம்மா பதில் சொல்றது? அதான்... எனக்குத் தெரிஞ்சது அந்தப் பைதான்."

நான் அழுதேன். மறைக்கவெல்லாம் இல்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நன்றாகவே அழுதேன். பிறகு உள்ளே போய் அலுமாரியைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த ரேடியோவை எடுத்து வந்து அவர் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் அதன் காதைத் திருகுவதற்கு முன்னால் பெட்டி இருக்கிற பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"போடுங்க மாமா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

ரேடியோ பாடத் தொடங்கியது. ராசம்மாக்கா கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். "என்னடி, ஆன்டெனாவுக்குச் சட்டையக் கழட்டிட்டீங்க? நீதான் போடச் சொன்னேன்னுல்ல நெனச்சேன்" என்றார். மூன்று மாதமாக லயம் முழுக்கத் தெரிந்த விஷயம் எனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது. நான் அவரை முறைத்ததில் அவர் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த இரண்டு பைகளையும் மாமா அடுத்த நாள் கோழிக்கூட்டின் மேல் விரித்துக் கட்டினார், அதே ஃபேக்டரி முடிச்சுப் போட்டு. இப்போதும் முதல் துளி விழுந்தால் எழுந்து பின்பக்கம் போகிறார். ஏணியில் ஏறுவதில்லை, நின்று மேலே பார்த்துவிட்டு வந்து, "நனையுதும்மா" என்று கதவருகில் சொல்வார். "நனையட்டும் மாமா" என்பேன். கஸ்டமர்கள் பாவம், யார் நனைகிறார்கள் என்று புரியாமல் விழிப்பார்கள். எங்கள் வீட்டில் இப்போது மழை நாளில் சிக்னல் கிடைக்காதவை அந்தக் கோழிகள் மட்டும்தான்.